பரதம், செஸ், கராத்தே எல்லாம் முதலீடா சார்?

கேள்வி: எனக்கு ஈரோடு. சம்பளம் கைக்கு வர்றது 52,000. பொண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு 5. பரதம், அபாகஸ், செஸ், கீபோர்டு, கராத்தேன்னு ரெண்டு பேருக்கும் சேத்து மாசம் 7,800 போகுதுங்க. எஸ்ஐபி (மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடுற முதலீடு) எதுவும் போடல. வீட்டுல கேட்டா இதுவும் முதலீடுதான்னு சொல்றாங்க. இப்ப ஒரு இடத்துல வருஷ பேக்கேஜ் 45,000, ஈஎம்ஐல கட்டலாம்னு கூப்புடுறாங்க. சேரலாமா? வரியில கழிச்சுக்க முடியுமா?

பதில்: அந்த ஈஎம்ஐ மட்டும் வேண்டவே வேண்டாம் சார். அது கிளாஸ் ஃபீஸ் இல்ல, உங்க பேர்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி குடுக்குற லோன். பணம் மொத்தமா கிளாஸ்காரங்க கைக்கு போயிரும், மூணாவது மாசம் புள்ள எனக்கு புடிக்கலன்னு உக்காந்துட்டாலோ அவங்களே கடைய மூடிட்டு போயிட்டாலோ தவணை பாட்டுக்கு ஓடும், நிறுத்துனா சிபில் ஸ்கோர்ல, அதாவது கடன ஒழுங்கா கட்டுறீங்களான்னு பேங்க் பாக்குற மார்க்குல, அடி விழும். மாசா மாசம் கட்டுனா இருநூறு முந்நூறு கூடப் போனாலும் பரவால்ல.

வரி விஷயம் சின்னது. 80சி-ன்னு சொல்ற வரிக் கழிவுல ஸ்கூல், காலேஜோட டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் வரும், அதுவும் ரெண்டு புள்ளைங்களுக்கு, பழைய வரி முறையில இருந்தா மட்டும். கராத்தே ஃபீஸ்க்கு கிடையாது.

இப்ப முதலீடான்னு கேட்டதுக்கு வர்றேன். உங்க வீட்டுல சொல்றதுல பாதி சரிங்க. செஸ்ல தோத்துட்டு மூஞ்சிய தொடச்சுக்கிட்டு அடுத்த ரவுண்டுல போய் உக்கார்ற புள்ளைக்கு எந்த டியூஷனும் சொல்லித்தராத ஒண்ணு வந்துருது, கூச்சப்படுற புள்ள மேடை ஏறி ஆடிட்டு வந்தா அப்புறம் கிளாஸ்ல கைதூக்கி சந்தேகம் கேக்கும். ஆனா 18 வயசுல காலேஜ் ஃபீஸ் கட்டுற அன்னைக்கு இது காசா வராது. குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனாரு, உண்மைதான், அத நம்பி பட்ஜெட் போட முடியாதுல்ல. அதனால கணக்குல இத செலவுன்னே எழுதுங்க, நல்ல செலவு.

இன்னொண்ணு, இன்னைக்கு கட்டுற ஃபீஸ் வெறும் ஆரம்பம்தான். பரதம்னா சலங்கை பூஜை, டிரஸ், நகை, கடைசில அரங்கேற்றம்னா ஹால், பக்கவாத்தியம், சாப்பாடுன்னு லட்சக்கணக்குல நிக்கும். கராத்தேல ஒவ்வொரு பெல்ட்டுக்கும் டெஸ்ட் ஃபீஸ், செஸ்ல எண்ட்ரி ஃபீஸ விட புள்ளையோட நீங்க ஊர் ஊரா போற பஸ், ரூம் செலவு பெருசு. எங்க வீட்டுப் பரண்லயும் ஒரு கிடார் தூங்குது, அதனால அனுபவத்துலதான் சொல்றேன்.

7,800ங்கறது சம்பளத்துல 15 சதவீதம். பாதியா ஆக்குங்க. ஆளுக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு, அதுல ஒண்ணு உடம்பு வேர்க்குற மாதிரி இருக்கட்டும். ஜவகர் சிறுவர் மன்றம் உங்க பக்கம் நடக்குதான்னு விசாரிங்க, அரசாங்கத்தோடது, 5லேருந்து 16 வயசு வரைக்கும் பாட்டு, டான்ஸ், ஓவியம்லாம் ரொம்ப கம்மி ஃபீஸ்ல லீவு நாள்ல சொல்லித்தர்றாங்க.

மிச்சமாகுறதுல 3,800ஐ ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுல (நிஃப்டி மாதிரி பங்குச்சந்தை குறியீட்ட அப்படியே பின்பற்றுற ஃபண்டு) எஸ்ஐபியா போடுங்க. வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சா (கேரண்டி கிடையாது) பொண்ணுக்கு 18 ஆகும்போது 7.8 லட்சம் பக்கம் இருக்கும்.

எத நிறுத்துறதுன்னு நீங்களும் அவங்களும் சண்டை போட வேண்டாம், எத நிறுத்துனா அழுவன்னு புள்ளைகிட்டயே கேளுங்க. அபாகஸ் அடுத்த லெவலுக்கு பணம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப் வர்றதுக்குள்ள கேட்டுருங்க.