காசு வாங்கிய செயலி கதவைத் திறக்கவில்லை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புலம்பல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் என்று சொல்லி விற்ற செயலி, வாங்கியவர் கணினியில் மட்டும் படுத்துக்கொள்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், வசவுகளை எடுத்துவிட்டேன்.

கேள்வி: குறிப்பெடுக்கும் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது சொடுக்கினால் ஒரு நொடி தோன்றி மறைகிறது. வாடிக்கையாளர் சேவையில், நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். மூன்று முறை செய்தாயிற்று.

பதில்: நான்காவது முறை செய்யாதீர்கள். இந்த ‘மறுபடி நிறுவுங்கள்’ பல்லவியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதித் தரும் மருந்துச் சீட்டு அது.

செயலி ஓரிடத்தில் இருக்கிறது. அதில் நீங்கள் செய்துவைத்த அமைப்புகள் வேறிடத்தில் இருக்கின்றன. விண்டோஸில் ஆப்டேட்டா, மேக்கில் லைப்ரரிக்குள் இருக்கும் அப்ளிகேஷன் சப்போர்ட், லினக்ஸில் பெரும்பாலும் ஹோம் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக். செயலியை நீக்கினாலும் பல நேரங்களில் இந்த இரண்டாவது இடம் அப்படியே கிடக்கும். உங்கள் பொருள் தொலைந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கோளாறே அங்கே இருந்தால்? அமைப்புக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அது பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை திறக்கும்போது செயலி அதைத்தான் முதலில் வாசிக்கப் போகும்; அங்கேயே விழும். வீட்டை இடித்துக் கட்டிவிட்டு, கரையான் அரித்த அதே பீரோவை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்ததுபோல ஆகிவிட்டது உங்கள் கதை.

உங்களுடையது விண்டோஸ் என்றால் இப்படிச் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலியின் பெயர் பட்டியலில் ஒளிந்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள். பழைய ஓட்டம் முழுவதும் சாகாமல் இருந்தாலே சில செயலிகள் புதிதாகத் திறக்காது. பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். செயலியின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ ஒரு கோப்புறை இருக்கும். அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். உங்கள் குறிப்புகளே அதற்குள் இருக்கக்கூடும். இப்போது செயலி திறந்துகொண்டால் குற்றவாளி அகப்பட்டான்: அந்தப் பழைய கோப்புறைதான். குறிப்புகளைப் பழைய கோப்புறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். திறக்காவிட்டால் பழைய பெயரையே வைத்துவிட்டு, சேவைப் பிரிவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “லாக் கோப்பு எங்கே இருக்கிறது?” செயலி தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. அதன் கடைசிச் சில வரிகளில் செயலி எங்கே விழுந்தது என்பது பெரும்பாலும் தெரியும். அதை அனுப்பியும் பழைய பல்லவியே பதிலாக வந்தால், மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இறக்கிய ஜிப் கோப்பைத் திறந்து, உள்ளே இருந்த செயலியை இரட்டைச் சொடுக்கு செய்தேன். ஏதோ டிஎல்எல் இல்லை என்கிறது. ஏமாற்று வேலையா?

பதில்: பெட்டியைப் பிரிக்காமலே மின்விசிறி சுற்றவில்லை என்கிறீர்கள். டிஎல்எல் என்பது செயலிக்குத் துணையாக வரும் கோப்பு; பெரும்பாலும் அதே ஜிப்புக்குள்தான் கிடக்கும். முதலில் ஜிப்பை முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: பணம் கட்டி வாங்கிய செயலி திறக்கிறது, ஆனால் சன்னல் முழுக்க வெள்ளை. மெனுகூட இல்லை.

பதில்: எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டிய செயலியாக இருக்கலாம். ஸ்லாக், விஷுவல் ஸ்டுடியோ கோட் எல்லாம் அந்த வகை. குரோமியம் உலாவியையே வயிற்றுக்குள் சுமந்துகொண்டு வருபவை. திரையில் படம் காட்டும் வன்பொருளை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவரோடு அதற்கு ஒத்துவராவிட்டால் இப்படி வெளுத்துப்போகும். ஷார்ட்கட்டின் பண்புகளில் இலக்கு வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி, இரண்டு குறுங்கோடுகள், டிஸேபிள், ஒரு குறுங்கோடு, ஜிபியு என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேருங்கள். படம் வந்தால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அந்த வாலை வெட்டிவிடலாம்.

கேள்வி: செயலி திறக்கவில்லை என்று இணையத்தில் தேடி, மேலே வந்த உதவி எண்ணுக்கு அழைத்தேன். தொலைவிலிருந்து என் கணினிக்குள் வந்து, சிவப்பு எச்சரிக்கைகளைக் காட்டி, வைரஸ் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். செயலி இன்னும் திறக்கவில்லை. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். வேலை அவசரத்தில் இருப்பவரைக் குறிவைத்து விளம்பரம் போட்டுக் காத்திருக்கிற கூட்டம் அது. அவர்கள் காட்டிய சிவப்பு வரிகள் பெரும்பாலும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் இருப்பவை. நல்ல நிலையில் இருக்கும் கணினியிலும் அப்படிப்பட்ட வரிகள் கிடக்கும். இப்போதே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கியை அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பரிவர்த்தனையை மறுத்து முறையிட முடியுமா என்று கேளுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி. அவர்கள் நிறுவச் சொன்ன தொலை இயக்கச் செயலியை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். இணையக் குற்றப் பிரிவில் புகாரும் கொடுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அதே எண் நாளை அவர்களுக்கும் கிடைக்கும். செயலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 7 கணினிக்கு ஒரு செயலி வாங்கினேன். நிறுவவே மாட்டேன் என்கிறது. விளம்பரத்தில் ‘விண்டோஸில் ஓடும்’ என்றுதான் இருந்தது.

பதில்: வாங்கும் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே, ‘குறைந்தபட்சத் தேவைகள்’ என்று ஒரு வரி இருந்திருக்குமே? அதைப் படித்தீர்களா? விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரியில். முன்பு சொன்ன எலக்ட்ரான் அடித்தளமும் 2023-இல் 23-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. பழைய பதிப்பு இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஆனால் அந்தக் கணினியை வைத்து இணையத்தில் உலவாதீர்கள்.

கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு அரைகுறைதான். 32-பிட் விண்டோஸ் இருந்த ஒரு சின்னக் கணினிக்கு 64-பிட் செயலியை வாங்கியவன் நான்; அதில் இது ஓடவே ஓடாது. என்னென்னவோ செய்து பார்த்துக்கொண்டிருந்ததில் பணம் திரும்பப் பெறும் கெடு போய்விட்டது. கோளாறைத் தேடத் தொடங்கும் முன் அந்தக் கெடு தேதியைக் குறித்துவைப்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம். இலவசமாக முயன்று பார்க்கும் பதிப்பு இருந்தால், அது திறக்காமல் காசு கொடுப்பதில்லை.

கேள்வி: ‘வாழ்நாள் லைசென்ஸ்’ நம்பி வாங்கலாமா?

பதில்: யாருடைய வாழ்நாள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புகைப்படத் தொகுப்புச் செயலி ஒன்றை அப்படி வாங்கினேன். கணினியை மாற்றியபின் திறந்தால், லைசென்ஸைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சரிபார்க்கும் சர்வரை நிறுவனம் எப்போதோ மூடியிருந்தது.

கேள்வி: லினக்ஸில், நிறுவாமலே ஓடும் என்று தந்த ஆப்இமேஜ் கோப்பைச் சொடுக்கினால் எதுவுமே நடக்கவில்லை.

பதில்: பண்புகளில் ‘இயக்க அனுமதி’யைக் கொடுங்கள். அப்படியும் அசையாவிட்டால், உங்கள் லினக்ஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்: பல ஆப்இமேஜ்கள் ஓடத் தேவையான ஃப்யூஸ் 2 என்ற நூலகம், உபுண்டு 22.04 முதல் முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை. அதைத் தனியாகப் போடுங்கள்.

கேள்வி: இந்த ஒரு செயலி திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது. கணினியையே மாற்றச் சொல்கிறார் கடைக்காரர்.

பதில்: உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்கா இருக்கிறது? அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகம், மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை.