அப்பாவின் சேம நிதியில் கைவைக்கும் முன்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கியவன், கட்டாயத் தேசிய சேவை முடியப்போகிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). “நம்ம சிபிஎஃப் காசுதானே, வட்டியா கேட்கப்போறாங்க” என்கிறார் 52 வயதுக் கணவர். அவருடைய நண்பருக்குத் தெரிந்த முகவர் ஒருவர், தனியார் கல்லூரியில் 18 மாதத்தில் பட்டம், கடனும் தானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். மகனோ கடனே வேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

அப்பாவிடமிருந்தே தொடங்குவோம். சிபிஎஃப், அதாவது மத்திய சேம நிதி, உங்கள் பணம்தான், ஆனால் படிப்புக்கு எடுத்தால் அது கடன். எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி, மகன் முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் ஓடும். நான்காண்டுக்கு மொத்தம் 33,200 வெள்ளி. அரையாண்டுக்கு ஒருமுறை எடுத்துக் கட்டிக்கொண்டே போனால், படிப்பு முடியும்போது வட்டி மட்டும் 1,800 வெள்ளியைத் தாண்டியிருக்கும். அது அப்பாவின் கணக்குக்கே திரும்புகிறது, சரி. ஆனால் கட்டப்போவது மகன், அதுவும் ரொக்கமாக, படிப்பு முடிந்த ஓராண்டில் தொடங்கி. வீட்டுத் தவணையும் சிபிஎஃப்பின் அதே ‘சாதாரணக் கணக்கு’ என்ற பகுதியிலிருந்துதான் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 40 விழுக்காடு வரை கல்விக்கு எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிட்டு, நாளைக்குக் கணவரின் வேலைக்கு ஏதாவது ஆனால் தவணைக்கு எங்கே போவீர்கள்?

ஆகவே முதலில் கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடன். கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும்வரை வட்டி கிடையாது. மீதி 10 விழுக்காட்டுக்கு மகனின் பழைய எடுசேவ் பணத்தை, அதாவது பள்ளி நாட்களில் அரசு அவன் பெயரில் போட்ட கல்விப் பணத்தை, தேடுங்கள். உயர்நிலைப் பள்ளியோடு அது மறைந்துவிடவில்லை, உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு என்று ஒன்றில் கிடக்கிறது. பல வீடுகளில் அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது, யாரும் கதவைத் தட்டிச் சொல்வதும் இல்லை.

கோட்டை விடுவது அடுத்த இடத்தில். ‘பட்டம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் கட்டத் தொடங்கினால் போதும்’ என்று படித்துவிட்டு, அந்த இரண்டு ஆண்டும் வட்டியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி படிப்பு முடிந்த கையோடு தொடங்கிவிடும். கணக்குக்காக ஆண்டுக்கு 4.75 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 30,000 வெள்ளியை 20 ஆண்டு இழுத்தால் மாதம் 194 வெள்ளிதான், ஆனால் வட்டியாகப் போவது 16,500. ஐந்தாண்டில் முடித்தால் மாதம் 563, வட்டி 3,800-க்கும் கீழே.  அப்பா உதவ நினைத்தால் இப்போதிருந்தே மாதம் கொஞ்சம் ரொக்கமாக எடுத்துவைத்து, வட்டி தொடங்கும் முன் ஒரே தொகையாகக் கட்டட்டும்.

ஜாமீன் பற்றி ஒன்று. ஜாமீன்தாரர் 21 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், திவாலானவராக இருக்கக்கூடாது. உங்கள் கணவருக்குச் சிக்கலில்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு சில வீடுகளில் அப்பா 60 தாண்டியிருப்பார், அல்லது இல்லை. அப்போது தாய்மாமனைத்தான் கூப்பிடுவார்கள். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது அப்படி ஒரு மாமா வந்தார், சட்டைப் பையில் மடித்த கடிதத்தோடு. “நான் சாட்சிக் கையெழுத்துதானே போட்டேன்” என்றார். மருமகன் ஆஸ்திரேலியா போய் மூன்று ஆண்டு ஆகியிருந்தது. சாட்சி வேறு, ஜாமீன் வேறு: அவன் கட்டாவிட்டால் மாமா கட்ட வேண்டும். காப்பி ஆறுவதற்குள் கையெழுத்து வாங்காதீர்கள், எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று தமிழில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இனி அந்த முகவர். தேக்கா உணவங்காடியில் மடிக்கணினியைத் திறந்துவைத்து “மாசம் 300 தான் அண்ணே” என்பார். எத்தனை மாதம் என்பதைச் சொல்ல மாட்டார். அவருக்குச் சம்பளம் கல்லூரி கொடுக்கும் தரகு, உங்கள் மகன் வேலைக்குப் போனானா என்பதில் அவருக்கு ஒரு காசும் இல்லை. மேலே சொன்ன இரண்டு கடனும் இதுபோன்ற தனியார் கல்லூரிக்குக் கிடையாது, அதனால்தான் கடனையும் தானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம் போனால்கூட மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி கேட்கலாம். மாதத்துக்கு! ஏற்கெனவே தனியார் கல்லூரியின் மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பதறாதீர்கள், போட்ட 7 வேலைநாளுக்குள் பின்வாங்கலாம்.

வேலைக்குப் போகிறேன் என்கிற மகனிடம் 2024-ஆம் ஆண்டின் மூன்று எண்களைக் காட்டுங்கள். முழுநேர நிரந்தர வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் சம்பளம்) பட்டயத்துக்கு 2,900 வெள்ளி, தனியார் கல்லூரிப் பட்டத்துக்கு 3,500, உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 4,500. அந்த நிரந்தர வேலை தனியாரில் படித்தவர்களில் பாதிப் பேருக்கும் கிடைக்கவில்லை, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. எல்லாத் துறைக்கும் ஒரே சம்பளம் இல்லைதான், ஆனால் கையில் இடத்தை வைத்துக்கொண்டு 30,000 வெள்ளிக்குப் பயந்து விடுவதற்கு இதில் காரணம் தெரியவில்லை. கடன் வேண்டாம் என்கிற பிள்ளை உங்களுக்கு வாய்த்திருக்கிறான், ஐந்தாண்டில் அடைத்துவிடுவான். விண்ணப்பத்தை அவனையே நிரப்பச் சொல்லுங்கள், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும்.