காட்பாடி ஜவுளிக்கடை: சென்னை வெதர் ஃபைலை நம்பி ஏசி அளவு முடிவு செய்யாதீங்க

வணக்கம் சார். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, சென்னை வெதர் ஃபைல் (ஒரு ஊரோட வருஷம் முழுக்க வானிலைக் கணக்கு), 2 அடி சன்ஷேடு. எனர்ஜிபிளஸ்ல (கட்டடத்தோட மின்சார, வெப்பத் தேவையைக் கணக்குப் போடற சாஃப்ட்வேர்) ஏசி லோடு, அதாவது ஏசி வெளியேத்த வேண்டிய வெப்பம், குறைவா வருது, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. நம்பாதீங்க.

சென்னையில மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வந்து வெப்பத்தைக் குறைக்கும். வேலூர்ல அந்த நேரத்துலதான் வெயில் உச்சத்துல நிக்கும். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற உள்மாவட்ட வானிலை ஸ்டேஷனோட ஃபைலைப் போட்டு ஓட்டுங்க.

சன்ஷேடு விஷயம் இன்னும் முக்கியம். மே மாசம் சாயங்காலம் 4 மணிக்கு நம்ம ஊர்ல சூரியன் சுமார் 35 டிகிரி உயரத்துலதான் இருக்கும். 2 அடி சன்ஷேடு ஒன்றரை அடிக்குக்கூட நிழல் தராது. மீதிக் கண்ணாடி முழுக்க வெயில்தான். அதனால கண்ணாடியைக் குறைங்க, அதுதான் மலிவான வழி. ஈசிபிசி 2017 (வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு) சுவர்ப்பரப்புல 40 சதவீதம் வரைதான் கண்ணாடி அனுமதிக்குது, எஸ்எச்ஜிசி (கண்ணாடி வெயில் வெப்பத்துல எவ்வளவு பங்கை உள்ளே விடுதுங்கிற அளவு) 0.27 தாண்டக்கூடாது. நம்ம அட்சரேகையில வடக்குப் பக்கத்துக்கும் அதே 0.27தான்.

எந்த நேரம் எத்தனை பேர் உள்ளே இருப்பாங்கன்னு சாஃப்ட்வேர்ல கொடுக்கிற ஆள் நடமாட்ட ஷெட்யூலை ஆபீஸ் மாதிரி விட்டிருந்தா மாத்துங்க. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாள்ல கதவு மூடவே மூடாது. அந்த வெளிக்காத்தையும் சேர்த்து ஓட்டி, மாசவாரி லோடை இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.