வாசகர் கேள்வி – பதில்: அம்ப்ளிபயருக்கு எந்த வயர்?

கேள்வி: எனது காரின் டிக்கியில் சப்வூபருக்கென அம்ப்ளிபயர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதில் 30 அம்பியர் பியூஸ்கள் இரண்டு உள்ளன. கடையொன்றில் ‘4 கேஜ்’ என்று அச்சிடப்பட்ட வயரை மலிவாக வாங்கிப் பூட்டினேன். ஒலியைக் கூட்டினால் சிறிது நேரத்தில் அம்ப்ளிபயர் நின்றுவிடுகிறது, வயரும் சுடுகிறது. 4 கேஜ் போதாதா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் தெரிவில் பிழையில்லை, வாங்கிய வயரில்தான் பிழை இருப்பதாகத் தெரிகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் செய்திருப்பதைப் போல அம்ப்ளிபயரின் பியூஸ்களைப் பார்ப்பதே சரியான வழி. இரண்டும் சேர்ந்து 60 அம்பியர். பற்றரியிலிருந்து டிக்கி வரை ஏறக்குறைய 5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கேஜ் என்பது வயரின் தடிப்பைக் குறிக்கும் இலக்கம்; இலக்கம் கூடினால் வயர் மெல்லியது. ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் மெல்லிய 8 கேஜ் செப்பு வயரை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குவெட்டு 8.4 சதுர மில்லிமீற்றர். அதில் 60 அம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். அதாவது 36 வாட், ஒரு சோல்டரிங் அயனுக்குப் போதுமான மின்சாரம், காரின் கம்பளத்துக்கு அடியில் வெறும் சூடாகப் போகிறது. 4 கேஜ் செப்பு வயரின் குறுக்குவெட்டு 21 சதுர மில்லிமீற்றர் என்பதால் இழப்பு கால் வோல்ட் அளவோடு நின்றுவிடும். ஆகவே நீங்கள் கேட்டு வாங்கிய இலக்கம் சரியானதே.

ஆனால் அந்த இலக்கத்துக்குரிய செப்பு உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. நண்பர் ஒருவரின் காரிலிருந்து கழற்றிய இதே போன்ற வயர்த் துண்டு ஒன்று இப்போது என் மேசையில் கிடக்கிறது. வெளியே பார்த்தால் சுட்டுவிரல் பருமன். பிளாஸ்டிக் உறையைச் சீவினால் உள்ளேயிருக்கும் உலோகம் ஒரு பென்சிலின் பாதிப் பருமன்கூட இல்லை. ஓர் இழையைப் பிரித்தெடுத்து பிளேட்டால் சுரண்டினேன். செம்பு நிறம் தோல்போல உரிந்து, வெள்ளை நிறத்தில் அலுமினியம் தெரிந்தது. செப்பு முலாமிட்ட இத்தகைய அலுமினிய வயரின் கடத்துதிறன், அதே பருமனுள்ள செப்பு வயரினதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அத்துடன் திருகாணியின் இறுக்கத்தில் அலுமினியம் மெல்ல நசிந்து தளர்ந்துவிடுவதால், நாளடைவில் பொருத்துமிடமும் சூடாகும். உங்கள் வயரிலும் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். (வெளியே வெள்ளி நிறமும் உள்ளே செம்பு நிறமுமாக இருந்தால் அது வெள்ளீய முலாமிட்ட நல்ல செப்பு வயர், அதைக் கழிக்க வேண்டாம்.)

இனி வாங்கும்போது கேஜைக் கேட்காமல், எத்தனை சதுர மில்லிமீற்றர் என்று கேளுங்கள். கார் ஓடியோவில் வழங்கும் கேஜ் அமெரிக்க அளவு. மோட்டார் வைண்டிங் செய்வோர் சொல்லும் பழைய பிரித்தானிய அளவு வேறு. பின்னையதில் 8 என்றால் ஏறத்தாழ 13 சதுர மில்லிமீற்றர். புறக்கோட்டையின் மின்பொருள் கடைகளில் 25 சதுர மில்லிமீற்றர் வெல்டிங் வயரை விசாரித்துப் பாருங்கள். மெல்லிய செப்பு இழைகளால் ஆனது கிடைத்தால் உங்கள் தேவைக்கு அது மிக நன்றாகப் பொருந்தும். அதையும் சுரண்டிப் பார்த்தே வாங்குங்கள்.

அம்ப்ளிபயரிலிருந்து காரின் தகட்டுக்குப் போகும் எர்த் வயரும் அதே தடிப்பில் இருக்க வேண்டும். அரை மீற்றருக்கு மேல் நீளாமல், பெயின்ற்றை வெறும் தகடு தெரியும்வரை சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்; பூட்டிய பின் சிறிது கிறீஸ் பூசுங்கள். கொழும்பின் காலி வீதியோரம் நிறுத்தும் வாகனத்தில் கடற்காற்று அந்த இடத்தை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். பற்றரிக்கு அருகில், 45 சென்ரிமீற்றருக்குள், 80 அம்பியருக்கு மேற்படாத பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். அது அம்ப்ளிபயரைக் காப்பதற்கானது அன்று; வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் கார் தீப்பிடிக்காமல் காப்பதற்கானது. இதைப் பூட்டாமல் ஒரு நாள்கூட வாகனத்தை ஓட்டாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பாஸ் ஒலிக்கும்போதெல்லாம் முன்விளக்குகள் மங்குகின்றன. தடித்த வயர் போட்டால் சரியாகுமா?
— வாசகர், தெஹிவளை

பதில்: ஆகாது. முன்விளக்குகள் அம்ப்ளிபயர் வயரிலிருந்து மின் பெறுவதில்லை. அவை மங்கினால் பற்றரியின் வோல்ட்டே இறங்குகிறது என்று பொருள். பற்றரி முனைகளைத் துப்புரவாக்கி, எஞ்சினுக்கும் காரின் பொடிக்கும் (உடற்தகட்டுக்கும்) போகும் எர்த் வயர்களைப் பரிசோதித்து, பற்றரியையும் ஓல்ற்றர்நேற்றரையும் சோதிப்பியுங்கள்.

கேள்வி: எனது பிரியஸ் ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பற்றரி டிக்கியிலேயே இருக்கிறது. எனக்கும் 4 கேஜ் தேவையா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தூரம் ஒரு மீற்றரளவே என்பதால் வோல்ட் இழப்பு உங்களுக்குப் பிரச்சினையில்லை. ஆனாலும் உங்களதும் முதல் வாசகரினதைப் போன்ற அம்ப்ளிபயர் என்றால், 60 அம்பியரைச் சூடேறாமல் தாங்க வேண்டியிருப்பதால் 4 கேஜையே சிபாரிசு செய்வேன். இந்த நீளத்துக்குச் செலவும் அதிகமில்லை. இன்னொன்று: ஹைபிரிட் காரில் அந்தப் பற்றரியை மின்னேற்றுவது ஓல்ற்றர்நேற்றர் அன்று, உயர் வோல்ட் பற்றரியிலிருந்து மின்சாரத்தைக் குறைத்துத் தரும் மாற்றி. காரின் சொந்தத் தேவைகள் போக அதில் மிஞ்சுவதைப் பொறுத்தே அம்ப்ளிபயரைத் தெரிவு செய்ய வேண்டும். செம்மஞ்சள் உறையிட்ட வயர்கள் உயர் வோல்ட் வயர்கள். அவற்றின் அருகில் துளையிடவோ, அவற்றை நகர்த்தவோ கூடாது.