மா ஹுவாங்: தண்டு ஒரு மருந்து, வேர் வேறொரு மருந்து

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு, இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மா ஹுவாங் என்ற சீன மூலிகை மூச்சிரைப்பைத் தணிக்கும், உடல் எடையையும் குறைக்கும் என்கிறார் நண்பர். சாப்பிடலாமா?

பதில்: கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர் நீங்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், மூச்சிரைப்பைப் பற்றி நண்பர் சொன்னது பொய்யல்ல.

வட சீனாவின் வறண்ட நிலங்களில் வளரும் புதர்ச்செடி இது. இலைகள் வெறும் செதில்களாகச் சுருங்கிவிட்டதால், கணுக்கணுவான மெல்லிய பச்சைத் தண்டுகள்தாம் கண்ணில் படும். குளிர்காய்ச்சல் கண்டும் வியர்க்காமல் தவிப்பவருக்கு வியர்வையை வரவழைக்க, சீன மருத்துவர்கள் அந்தத் தண்டை அதிமதுரம் முதலிய சரக்குகளோடு சேர்த்துக் கஷாயமாகக் கொடுத்தார்கள். வியர்வை அடங்காதவருக்கோ இதே செடியின் வேரைக் கொடுத்தார்கள்! தண்டைத் தனியே முதலில் கொதிக்க வைத்து, திரண்டு வரும் நுரையை வழித்து எறிந்த பிறகே மற்ற சரக்குகளைப் போடுவது பழைய முறை; நுரையோடு குடித்தால் மனம் நிலைகொள்ளாது என்று அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இந்த மூலிகையின் வீரியத்தை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த வீரியத்துக்குக் காரணமான எபிட்ரின் என்ற பொருளை ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி 1885இல் பிரித்தெடுத்தார். அது மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தி மூச்சை எளிதாக்குகிறது. கூடவே இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. இரண்டும் ஒரே பொருளின் வேலை என்பதால், நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விலக்க வழியில்லை. உங்கள் மாத்திரை இறக்குவதை இது ஏற்றும்.

எடைக் குறைப்பு விஷயத்தில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. பசியை மட்டுப்படுத்தும் என்பதற்காக எபிட்ரினைக் காஃபினோடு சேர்த்து மாத்திரையாக விற்றதால், மாரடைப்பும் பக்கவாதமும் உயிரிழப்புகளும் நேர்ந்ததாகப் புகார்கள் குவிந்தன. எபிட்ரின் கலந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்க அரசு 2004இல் தடை செய்தது. சில நாட்களுக்கு, அளவறிந்து கொடுக்க வேண்டிய மருந்தை மாதக்கணக்கில் விழுங்கினால் வேறென்ன நடக்கும்?

இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கண்ணழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இதைத் தொடக்கூடாது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், எப்போது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ கடும் தலைவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.