பழைய மினிவேன்: நிறுவனத்தின் பெயரை நம்புவதா, வண்டியின் ரசீதுகளை நம்புவதா?

கேள்வி: என் மனைவி, மூன்று பிள்ளைகள், என் தாயார், நான் என எங்கள் குடும்பத்தில் ஆறு பேர். இப்போதுள்ள ஐந்து இருக்கைக் காரில் எல்லோரும் ஒன்றாகப் போக முடிவதில்லை. அதனால் பழைய மினிவேன் ஒன்றை வாங்கத் தீர்மானித்து, இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதல் வண்டி, நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு. அதற்கு வயது 5, ஓடியது 70,000 கிலோமீட்டர். இரண்டு கை மாறியிருக்கிறது. சர்வீஸ் ரசீதுகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே இருக்கின்றன. அதன் விலை எங்கள் 9 மாத வீட்டுச் செலவுக்குச் சமம். இரண்டாவது வண்டியின் நிறுவனத்துக்கு நடுத்தரமான பெயர்தான். வயது 8, ஓடியது 1,15,000 கிலோமீட்டர். ஆனால் ஒரே உரிமையாளர். வாங்கிய நாளிலிருந்து எல்லா ரசீதுகளையும் வைத்திருக்கிறார். அதன் விலை 7 மாதச் செலவு. எங்கள் சேமிப்பு 10 மாதச் செலவுக்குச் சமமாக இருக்கிறது. 2 மாதச் செலவை முன்பணமாகக் கொடுத்தால் மீதிக்கு 7 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் வாங்கித் தருவதாக முதல் வண்டியின் விற்பனையாளர் சொல்கிறார். மாதத் தவணை எங்கள் மாதச் செலவில் ஏறக்குறைய 16 சதவீதம் வரும். நண்பர்கள் அனைவரும் முதல் வண்டியையே வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது, பணத்தை எப்படிக் கட்டுவது?

பதில்: இரண்டாவது வண்டியை வாங்குங்கள். விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு மெக்கானிக் அதை முழுமையாகச் சோதித்து, பெரிய குறை இல்லை என்று எழுத்தில் தந்த பிறகு வாங்குங்கள். விலையில் 5 மாதச் செலவைச் சேமிப்பிலிருந்து கொடுத்து, மீதி 2 மாதச் செலவுக்கு மட்டும் நீங்களே தேடிப் பிடித்த குறுகிய காலக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தொகைகளையும் வீட்டுச் செலவின் அளவிலேயே நீங்கள் சொல்லியிருப்பது மிகவும் நல்ல பழக்கம் என்பதால் நானும் அதே அளவையே பின்பற்றுகிறேன்.

நண்பர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் நல்ல பெயர் என்பது லட்சக்கணக்கான வண்டிகளின் சராசரியிலிருந்து வருவது. நீங்கள் வாங்கப்போவதோ அவற்றில் ஒன்றே ஒன்றை. அந்தச் சராசரியும் ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் மாறுகிறது. நம்பகத்தன்மைக்கு உதாரணமாகச் சொல்லப்படும் ஹோண்டாவே 2004ஆம் ஆண்டில், இரண்டாவது கியர் அதிகச் சூடாகிக் கியர்பாக்ஸ் இறுகிவிடும் அபாயம் காரணமாக, ஒடிசி மினிவேன் உள்ளிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பழுதைச் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. டொயோட்டா 2016ஆம் ஆண்டில், ஓடும்போதே பக்கவாட்டு நகரும் கதவு திறந்துகொள்ளக்கூடும் என்று 2011 முதல் 2016 வரையிலான சியன்னா மினிவேன்களைத் திரும்ப அழைத்தது. அவை 8 லட்சத்துக்கும் அதிகம். இவ்விரு நிறுவனங்களும் மோசமானவை என்று சொல்ல இதை எழுதவில்லை. எந்த நிறுவனமானாலும் நீங்கள் பார்க்கும் ஆண்டு மாடலில் என்ன குறை தெரியவந்தது, அது இந்த வண்டியில் சரிசெய்யப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தாக வேண்டும் என்பதே என் வாதம். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு, நிறுவனத்திடமோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்திலோ விசாரித்தால் முடிக்கப்படாத திரும்ப அழைப்புகள் உண்டா என்று தெரிந்துவிடும். இந்தப் பழுதுகளை நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணமின்றியே சரிசெய்து தருகின்றன.

பழைய வண்டிச் சந்தையின் அடிப்படைச் சிக்கலைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970ஆம் ஆண்டிலேயே விளக்கினார். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய வழியில்லாதபோது வாங்குபவர் சராசரி விலையையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் சந்தையிலிருந்து விலக, கெட்டவை தங்கிவிடும். இதற்கு மருந்து, விற்பவருக்குத் தெரிந்ததை வாங்குபவருக்கும் தெரியவைக்கும் ஆதாரங்கள்தான். இரண்டாவது வண்டியின் உரிமையாளர் எட்டு ஆண்டு ரசீதுகளை உங்கள் முன் வைக்கிறார். முதல் வண்டியில் மூன்றாண்டுகள் இருட்டில் இருக்கின்றன. அந்த மூன்றாண்டுகளுக்கு ஈடாக உங்களிடம் தரப்படுவது நிறுவனத்தின் பெயர் மட்டுமே. அதற்காக 2 மாத வீட்டுச் செலவைக் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

ரசீதுகள் இருப்பது மட்டும் போதாது. அவற்றை வரிசையாக அடுக்கிப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவை சீராக ஏறிக்கொண்டே வருகின்றனவா, எங்காவது எண் குறைகிறதா, என்ஜின் ஆயில் மாற்றியதில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறையாவது மாற்றப்பட்டதா என்பதைத் தனியாகத் தேடுங்கள். ஏழெட்டுப் பேரையும் அவர்கள் சாமான்களையும் சுமந்து மேடேறும் மினிவேனில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் அதிகம் உழைக்கிறது. பழுதானால் அதிகச் செலவு வைப்பதும் பெரும்பாலும் அதுவே. அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது என்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்துத் திறந்து மூடவைக்கும் பட்டை. சில என்ஜின்களில் பெல்ட் இருக்கும், சிலவற்றில் செயின் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான சியன்னாவிலேயே 2006 மாடல் வரை பெல்ட், 2007 மாடலின் புதிய 3.5 லிட்டர் என்ஜினிலிருந்து செயின். செயின் வழக்கமாக மாற்ற வேண்டியதில்லை. பெல்ட்டை நிறுவனம் சொல்லும் தூரத்திலோ ஆண்டிலோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றியே தீர வேண்டும். பல என்ஜின்களில் இந்தக் கெடு 1,00,000 கிலோமீட்டருக்கும் 1,60,000 கிலோமீட்டருக்கும் இடையில் வருகிறது. தவறவிட்டுப் பெல்ட் அறுந்தால், பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் அமைப்புள்ள என்ஜின்களில் என்ஜினே போய்விடும். அந்த இரண்டாவது வண்டி 1,15,000 கிலோமீட்டரில் நிற்கிறது. பெல்ட் உள்ள என்ஜினாக இருந்து, மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை அப்படியே விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். நியாயமான விற்பனையாளர் இதற்கு மறுக்கமாட்டார்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. இரவு முழுதும் நின்று குளிர்ந்த வண்டியை உங்கள் கண்முன்னே முதன்முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே என்ஜின் சூடாக இருந்தால், வேறொரு நாளில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். நகரும் கதவுகள் இரண்டையும், பொத்தானை அழுத்தியும் கையால் இழுத்தும், சமதளத்திலும் சரிவிலும் பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். பாதி வழியில் தயங்கினாலோ, அடிப்பக்கத்து உருளை கரகரத்தாலோ, மூடிய பிறகும் கதவு திறந்திருப்பதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் கேபிளும் மாற்றும் செலவு எதிர்பார்ப்பதைவிட அதிகம். பின்பக்க ஏசியை முழு வேகத்தில் வைத்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருங்கள். முன்னால் குளிர்ந்து பின்னால் குளிரவில்லை என்றால், வண்டியின் அடியில் ஓடும் ஏசிக் குழாய் அரித்துப்போயிருக்கலாம். உங்கள் தாயாரும் பிள்ளைகளும் உட்காரப்போவது அங்கேதான் என்பதால் இதை அலட்சியப்படுத்த வேண்டாம். மூன்றாம் வரிசை இருக்கை மடங்கி இறங்கும் குழியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஈரமோ துருவோ தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயர்கள் ஆறு ஆண்டுக்கு மேற்பட்டவையாக இருந்தால் நான்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மெக்கானிக் வண்டியின் கணினியில் ஸ்கேனரை இணைக்கும்போது, பிழைக் குறியீடு இல்லை என்ற பதிலோடு நிறுத்திவிட வேண்டாம். வண்டி ஓடும்போது அதன் கணினி தானாகவே செய்துகொள்ளும் உள் சோதனைகள் எல்லாம் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், பெரும்பாலும் அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சில நாள் ஓடிய பிறகு மறுபடி சோதிக்கலாம். அதற்கு விற்பவர் இடம் தராவிட்டால் அதுவே போதுமான பதில்.

இனி கடனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி, அந்த 7 சதவீதம்தான். 7 மாதச் செலவுக்குச் சமமான கடனுக்கு, மாதச் செலவில் 16 சதவீதத் தவணை என்று எழுதியிருக்கிறீர்கள். 60 தவணைகளைக் கூட்டினால் ஏறக்குறைய 9.5 மாதச் செலவு வருகிறது. அதாவது வட்டி மட்டும் 2.5 மாதச் செலவு. கட்டக் கட்டக் குறைந்துவரும் அசலுக்கு மட்டும் 7 சதவீதம் என்றால் வட்டி ஏறத்தாழ 1.3 மாதச் செலவைத்தான் தொடும். ஆகவே உங்களிடம் சொல்லப்பட்டது ஃபிளாட் வட்டி. நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டக் கட்ட, கட்டிவிட்ட பணத்துக்கும் சேர்த்தே ஐந்தாண்டும் வட்டி போடுகிறார்கள். குறைந்துவரும் அசலின் கணக்கில் இது ஏறக்குறைய 12.5 சதவீதத்துக்குச் சமம். எந்தக் கடனிலும் தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதிலிருந்து கடன் தொகையைக் கழித்துப் பார்த்தால், சொல்லப்படும் சதவீதத்துக்குப் பின்னாலுள்ள உண்மைத் தொகை தெரிந்துவிடும்.

நீண்ட காலக் கடனில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டாண்டு தவணை தவறாமல் கட்டிய பிறகும் உங்கள் கடனில் 4.7 மாதச் செலவு பாக்கி நிற்கும். அந்த நேரத்தில் கியர்பாக்ஸ் போனால், ஓடாத வண்டியை விற்று வரும் பணம் கடனை அடைக்கப் போதாமல் போகலாம். அப்போது பழுதுபார்க்கவும் தவணை கட்டவும் ஒரே மாதத்தில் பணம் தேட வேண்டியிருக்கும். வண்டியின் நம்பகத்தன்மை குடும்ப வரவு செலவோடு மோதுவது இங்கேதான். தன்னளவில் தாங்கக்கூடிய ஒரு பழுது, கையில் பணமில்லாதவருக்கு நெருக்கடியாகிவிடுகிறது.

அதற்காக முழு விலையையும் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. இரண்டாவது வண்டிக்கு 7 கொடுத்தால் 3 மிஞ்சும். பெயர் மாற்றம், காப்பீடு, வாங்கியவுடன் செய்ய வேண்டிய ஆயில், பிரேக், டயர் வேலைகள் ஆகியவற்றுக்கு 1 போனால், ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டே மாதச் செலவுதான் கையில் இருக்கும். ஆகவேதான் 5 கொடுத்து 2 கடன் வாங்கச் சொல்கிறேன். குறைந்துவரும் அசலுக்கு 12 சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாண்டில் முடிக்கும் அந்தக் கடனின் தவணை மாதச் செலவில் 9.4 சதவீதம், மொத்த வட்டி ஏறக்குறைய எட்டு நாள் வீட்டுச் செலவு. உடனடிச் செலவுகள் போகக் கையில் 4 மாதச் செலவு இருக்கும். அதில் 3 அவசரக்கால நிதி. அதைத் தொட வேண்டாம். மீதி 1, வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடப்படும் பழுதுநிதி.

அந்தப் பழுதுநிதியில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எடுத்துக்கொண்ட கடன் முடிந்ததும் அந்தத் தவணைத் தொகையில் பாதியை அதற்கே திருப்பிவிடலாம். விற்பனையாளர்கள் கூடுதல் உத்தரவாதத் திட்டம் ஒன்றை விலைக்குத் தர முன்வருவார்கள். பழைய வண்டிக்கான இத்தகைய திட்டங்களில் தேய்மானத்தால் வரும் பழுது, முன்பே இருந்த குறை, பராமரிப்புக் குறைவு என்று விலக்குகள் பலவாக இருப்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தப் பணத்தைப் பழுதுநிதியில் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஒரே சூழ்நிலையில் மட்டும் முதல் வண்டியை மறுபரிசீலனை செய்வேன். விடுபட்ட மூன்றாண்டுகளின் பதிவுகள் ஏதேனும் சர்வீஸ் நிலையத்தின் கணினியில் கிடைத்து, மெக்கானிக்கின் சோதனையிலும் வண்டி தேறி, விலையும் இரண்டாவது வண்டியின் அளவுக்கு இறங்கி வந்தால், வயதும் ஓட்டமும் குறைந்த அதையே தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் கடன் விற்பனையாளருடையதாக இருக்கக் கூடாது. இரண்டு வண்டிகளுமே சோதனையில் தேறாவிட்டால், சோதனைக்குக் கொடுத்த கட்டணத்தை நட்டமாக எண்ணாமல் காத்திருங்கள். ஆறு பேரும் சேர்ந்து போக வேண்டிய பயணங்களுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துச் சில மாதங்களைச் சமாளித்துவிடலாம்.

இப்போதுள்ள காரைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. மினிவேன் மூன்று மாதம் தொல்லையின்றி ஓடும் வரை அதை வைத்திருந்து, பிறகு விற்றுவிடுங்கள். இரண்டு வண்டிகளுக்குக் காப்பீடும் பராமரிப்பும் கட்டுவது உங்கள் நிலையில் தேவையற்றது. விற்ற பணத்தில் முதலில் கடனை அடையுங்கள். அதற்கு வசதியாக, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றைப் பெற்று, வண்டியின் பதிவு ஆவணத்திலிருந்து கடன் கொடுத்தவரின் பெயரை நீக்கிவிடுங்கள்.