உரத்தொட்டி மூடியில் ஒட்டியிருந்தது குளவியா?

பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டு உரத்தொட்டியின் மூடிக்கு அடியில், சுருங்கிய இறகுகளுடன் வெளிறிய நிறத்தில் ஒட்டியிருந்த பூச்சி குளவியா, கொட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது குளவி அன்று; மாடித்தோட்டக்காரர்கள் ‘பிளாக் சோல்ஜர் ஃப்ளை’ என்று சொல்லும் ஈ, அதுவும் கூட்டைவிட்டு வெளிவந்து சிறிது நேரமே ஆன ஈ என்று கருதுகிறேன்.

வெளிவந்த சூட்டில் இருக்கும் ஈயை நிறத்தை வைத்து அடையாளம் காண முயல்வது வீண். உடல் இறுகிக் கறுக்கவும் இறகு விரியவும் நேரம் பிடிக்கும் என்பதால், அதுவரை எந்த ஈயும் வேறு ஏதோ பூச்சியைப் போலத்தான் தோன்றும். ஆகவே ஈயை விட்டுவிட்டு, அது கழற்றிப்போட்ட கூட்டைத் தேடுங்கள். வீட்டு ஈயின் கூடு சிறு பீப்பாய் போலிருக்கும். ஒரு முனை வட்ட மூடியாகக் கழன்றிருக்கும். நான் சொல்லும் ஈயின் கூடோ புழுவின் கடைசித் தோல் பீப்பாய் போல் சுருங்காமல் அப்படியே இறுகியதாதலால், கரும்பழுப்பாக, சற்றுத் தட்டையாக, கண்டம் கண்டமாகப் புழுவின் உருவத்திலேயே கிடக்கும். தலைப்பக்கம் மட்டும் கீறியது போல் வெடித்திருக்கும். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் புறவாசல் உரக்குழியை ஒட்டிய செங்கல் இடுக்குகளில் இவற்றைக் கண்டு, செத்த புழுக்கள் என்றெண்ணிப் பல மாதங்கள் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். முற்றிய புழு ஈரக் குப்பையைவிட்டு உலர்ந்த இடம் தேடி ஏறும் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் ஈ மூடியில் இருந்ததற்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

ஈ இன்னும் பறக்கவில்லையென்றால், கறுத்தபின் மறுபடி பாருங்கள். நீளம் 15 முதல் 20 மில்லிமீட்டர், உணர்கொம்பு நீண்டிருக்கும், கால் நுனிகள் வெளுத்திருக்கும். வயிற்றின் தொடக்கத்தில் ஒளி ஊடுருவும் இரு கட்டங்கள் இருப்பதால் இடை சிறுத்தது போல் தெரியும். குளவி என்ற மயக்கம் அதனால்தான். ஆனால் குளவிக்கு இறகு நான்கு, இதற்கு இரண்டே. கொடுக்கு இல்லை, கடிப்பதும் இல்லை.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த இனத்துக்கு ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டார். இதன் புழுக்கள் காய்கறிக் கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. இவை மிகுந்த இடத்தில் வீட்டு ஈ குறையும். மருந்தடிக்க வேண்டாம். புழு மிகுதியாகத் தோன்றினால் சருகு சேர்த்து ஈரத்தைக் குறையுங்கள். கோழி வளர்ப்போர் அருகில் இருந்தால் அள்ளிக் கொடுத்துவிடலாம்.

கூட்டின் முனை வட்டமாகக் கழன்றிருந்தால் மட்டும் என் கணிப்புத் தவறு. அப்போது மீன் கழிவோ பழைய சோறோ மேலாகக் கிடக்கிறதா என்று பார்த்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணும் சருகும் போட்டு மூடுங்கள்.